சூடானால் ஸ்டார்ட் ஆகாத பைக்: போர் வேலை என்றதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

கார்புரேட்டர் பைக் வைத்திருப்பவர்கள், அதிலும் வண்டி ஓடினால்தான் அன்றைக்குச் சம்பளம் என்று இருப்பவர்கள், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 8,400 ரூபாயும் ஒன்றரை மாத நிம்மதியும் போனது. பட்டறை பெயரைப் போடப்போவதில்லை. ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

என்னுடையது 100 சிசி வண்டி, 2013 மாடல். திருச்சியிலிருந்து மணப்பாறை வரைக்கும் முறுக்குக் கடைகளுக்கு பேக்கிங் கவர் போடுகிறேன். கடைக்குக் கடை நிறுத்தி எடுக்கிற வேலை. மார்ச் கடைசியில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் ஒரே கிக்கில் எடுக்கும், இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி எங்கேயாவது நிறுத்திவிட்டு பத்து நிமிஷம் கழித்து வந்து மிதித்தால் செத்த மாதிரி கிடக்கும், அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டால் மறுபடி ஒரே கிக்கில் எடுக்கும். சித்திரை வெயில் ஏறியதும் தினமும் இதே கதை.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் விட்டேன். "சூடானாத்தான் எடுக்க மாட்டேங்குது" என்று தெளிவாகச் சொன்னேன். அவர் ஆறிக்கிடந்த வண்டியை ஒரு மிதி மிதித்தார், எடுத்தது, ரெண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு "கார்புரேட்டர் போயிடுச்சு" என்றார். புதுசு மாற்ற 1,900. மறுநாளே மணப்பாறையில் நின்றேன். திரும்பப் போனபோது, "கம்ப்ரஷன் இல்லண்ணே, போர் வேலை பாத்தே ஆகணும், இல்லன்னா இன்ஜின் சீஸ் ஆயிடும்" என்று பயமுறுத்தினார். (கம்ப்ரஷன் என்பது இன்ஜினுக்குள் பிஸ்டன் கொடுக்கிற அழுத்தம். போர் வேலை என்றால் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் ஓடுகிற பிளாக்கைக் கடைவதோ மாற்றுவதோ. சீஸ் ஆவது என்றால் பிஸ்டன் இறுகி நின்றுவிடுவது.) பிளாக், பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து 6,500. மூன்று நாள் வண்டி அங்கேயே கிடந்தது, அந்த மூன்று நாளும் மச்சான் வண்டியை இரவல் வாங்கி ஓட்டினேன்.

வண்டியை எடுக்கும்போது பழைய பிளாக்கைக் கேட்டேன். பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றார். அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அப்புறமும் சூட்டில் எடுக்கவில்லை என்று போன் செய்தால், "புது போர் அப்படித்தான் டைட்டா இருக்கும், 500 கிலோமீட்டர் நாப்பதுக்கு மேல போகாதீங்க, சரியாயிடும்" என்கிறார். நானும் நாற்பதைத் தாண்டாமல் 500 கிலோமீட்டர் ஓட்டினேன், நாலு மணிக்கு வீடு திரும்புகிறவன் ஏழு மணிக்குத் திரும்பினேன்.

மணப்பாறையில் ஒரு கடைக்காரர்தான் அங்கே ஒரு வயதான மெக்கானிக்கிடம் அனுப்பினார். வண்டி சூட்டோடு நின்றிருந்தது, தள்ளிக்கொண்டே போனேன். பெரியவர் முதலில் கேட்டது: "ஆயில் குறையுதா தம்பி? சைலன்சர்ல புகை வந்துச்சா?" ரெண்டும் இல்லை என்றேன். கிக்கரைக் கையாலேயே அழுத்திப் பார்த்தார், நல்ல எதிர்ப்போடு நின்றது. கம்ப்ரஷன் விட்டிருந்தால் லேசாக இறங்கிவிடுமாம். டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஒரு மிதி மிதித்தார். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் இறங்காமல் நிற்கும், காத்திருந்தால் மறுபடி எடுக்கும், ஆறினால் சரியாவது மாதிரியே தெரியும், அதனால் காசில்லாமல் பார்க்கக்கூடிய அதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றார். அதுவும் இல்லை.

பிறகு பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தருகிற பிளக்கைக் கழற்றினார். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது, அதாவது பெட்ரோல் போகிறது. பிளக் வயரின் மூடியில் வேறு பிளக் ஒன்றை மாட்டி, கழற்றிய துளையிலிருந்து தள்ளி இன்ஜின் உடம்பில் படும்படி வைத்து மிதித்தார். (துளைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, உள்ளேயிருந்து வருகிற பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.) பொறியே இல்லை. மேக்னட் (இன்ஜின் ஓரத்தில் சுழன்று மின்சாரம் தருவது) பக்கமிருந்து வருகிற வயர் சாக்கெட்டைப் பிரித்து, பொறி எப்போது அடிக்க வேண்டும் என்று சைகை அனுப்புகிற பல்சர் காயில் வயரில் மல்டிமீட்டரை வைத்தார். இடது ஓரத்தில் '1' என்று மட்டும் நின்றது. காயில் உள்ளே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரச் சாக்குத் துணியை மேக்னட் கவர் மேல் போட்டுவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடிக்கிற நேரத்தில் மீட்டரில் எண் தாவித் தாவி வந்து நின்றது. மிதித்தார், நீலப் பொறி சுள்ளென்று அடித்தது.

காயிலுக்குள்ளே இருக்கும் மெல்லிய கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது, சூட்டில் விரிந்தால் பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். காயில் 380, கூலி 200. (பெயர்தான் பல்சர் காயில், அந்தப் பெயரில் வருகிற பைக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சில வண்டிகளில் இது தனியாகக் கிடைக்காது, மேக்னட் காயில் செட்டோடுதான் வரும், அப்போது விலை கூடும்.) எல்லா வண்டியிலும் இதுதான் என்று சொல்லவில்லை. டேப்பட் (வால்வுக்கு விடுகிற இடைவெளி) ரொம்ப டைட்டாக இருந்து வால்வு சரியாக உட்காராவிட்டாலும், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருகிற ஹெச்டி காயிலோ, பொறியைக் கட்டுப்படுத்துகிற சிடிஐ பெட்டியோ சூட்டில் விட்டுப்போனாலும் இதே மாதிரி வரும். எதுவானாலும் வண்டி சூடாக, எடுக்காமல் கிடக்கும்போது பார்த்தால்தான் பிடிபடும். ஆறின வண்டியை ஒரு மிதி மிதித்துவிட்டு எதையாவது மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஓட்டிக்கொண்டு போங்கள், அங்கேயே நிறுத்துங்கள், கூடவே இருங்கள்.

இதற்கு மேல்தான் என் வயிறு எரிந்தது. பெரியவர் கையோடு ஹெட் (பிளாக்குக்கு மேல் உட்காருகிற பாகம்) பக்கம் விரலைக் காட்டினார். "போர் வேலை பாத்தாங்கன்னு சொல்றியே, இங்க பாரு." ஹெட் நட்டு நாலையும் சுற்றி எண்ணெயும் மண்ணும் கலந்து பல வருஷ அழுக்கு கட்டியாக உறைந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பிளாக்கின் தகடு இடுக்கில் போன மழைக்காலச் சேறு காய்ந்து அப்படியே இருந்தது. அந்த நட்டைக் கழற்றாமல் பிளாக்கை வெளியே எடுக்கவே முடியாது. மூன்று நாள் வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு 6,500 வாங்கியிருக்கிறார்கள். அதற்காக நான் 500 கிலோமீட்டர் உருட்டி ஓட்டியிருக்கிறேன்.

நட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் "பழைய பிளாக்கையே போர் போட்டோம்" என்றார், அதற்கும் நட்டைக் கழற்றணுமே என்றதும் "பையன் பாத்த வேலை, எனக்குத் தெரியாது" என்றார். பணம் தரவில்லை. கையில் இருப்பது பெயரில்லாத துண்டுச் சீட்டு, அதில் 'போர் கிட்' என்றும் மொத்தத் தொகையும் மட்டும். நல்லவேளை, பணம் யூபிஐயில் போட்டிருந்ததால் தேதியும் தொகையும் வாங்கியவர் கணக்கும் பதிவாகியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை, அதனால் போகத்தான் போகிறேன்.

யாராவது சமீபத்தில் போர் வேலை பார்த்திருந்தால் இப்போதே ஹெட் நட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். அழுக்கு கலையாமல் இருந்தால் துடைக்காதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள்.