மலிவு விலை மைனிங் ரிக்: பத்து நிமிட டெமோவை நம்பி நான் ஏமாந்த கதை

பழைய கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து மலிவாக மைனிங் ரிக் (கிரிப்டோ நாணயம் சம்பாதிக்க இரவுபகலாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்) செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது 2022 மார்ச்சில். கார்டு வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்வது முடிந்தே போய்விட்டது, இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்கலாம். அந்தக் கார்டுகளும், அவற்றை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர்களும் குப்பைக்குப் போய்விடவில்லை. வேறு நாணயத்தின் பெயரைச் சொல்லி அவற்றை இன்னும் கைமாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக வந்தவர். நன்றாகப் பேசுவார். "தம்பி, புதுக் கார்டு தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் வாயில் வந்த விலையைச் சொல்வான். நான் ஆறு ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி, முழுசாக முடித்துத் தருகிறேன். ப்ளக்கைச் சொருகினால் போதும்." எட்டு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று தாளில் கணக்கும் போட்டுக் காட்டினார். எத்தீரியம் ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு, அதாவது மைனிங்கே தேவைப்படாத முறைக்கு மாறப்போகிறதே, மாறிவிட்டால் கார்டுக்கு வேலையே இருக்காதே என்று நான் கேட்கத்தான் கேட்டேன். "அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் தம்பி" என்றார். அதில் பொய் இல்லை, பல தடவை தள்ளிப்போனதுதான். அந்த முறை தள்ளிப்போகவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மாறியே விட்டது. தாளில் இருந்த எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்தது ஆறு. அந்த ஆறிலும் ரிக் ஒழுங்காக ஓடிய நாட்கள் பாதிகூட இராது.

அவர் இடத்தில்தான் ரிக்கை ஓட்டிக் காட்டினார். இரவு நேரம், கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. திரையில் ஹேஷ்ரேட், அதாவது மைனிங் வேகம், 180 மெகாஹேஷ். எந்தக் கார்டும் 60 டிகிரியைத் தாண்டவில்லை. பத்து நிமிடம் பார்த்திருப்பேன், சந்தோஷமாகக் காசை எண்ணிக் கொடுத்தேன். என் தரப்பில் நடந்த பெரிய தப்பு இதுதான். கார்டின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் சூடேறி, அறை சூடேறி, வெளியே தள்ளிய சூடான காற்றையே கார்டு மறுபடி உள்ளே இழுக்கத் தொடங்கும்போதுதான் ரிக்கின் குணம் தெரியும். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

வீட்டில், சாமான்கள் வைக்கும் சின்ன அறையில் வைத்தேன். மூன்றாவது மணி நேரத்தில் 84 டிகிரி. திரையில் ஒரு கார்டு காணாமல் போனது, சிறிது நேரத்தில் ரிக் தானாக ரீஸ்டார்ட் ஆனது. போன் செய்தால், "காற்று பத்தவில்லை தம்பி, ஃபேன் போடணும்" என்றார். ஃபேனை அவரே கொண்டுவந்து விற்றார். மறுபடி நின்றது. இந்தத் தடவை சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் மாற்ற வேண்டும் என்றார், அதற்கும் வாங்கினார். மூன்றாவதாக, மொத்த ரிக்கையும் மினரல் ஆயிலில் முக்கி வைக்கும் தொட்டி ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. எண்ணெயில் முக்கினால் ஃபேன்களைக் கழற்ற வேண்டும், தெர்மல் பேஸ்ட் கரையும், பிவிசி வயர்கள் நாள்பட விறைத்துப்போகும். அப்புறம் அந்தக் கார்டை யாருக்கும் விற்கவும் முடியாது. ஆக, சூட்டைக் கட்டிவைத்தவரும் அவர்தான், குளிர்ச்சியைத் தவணை முறையில் விற்றவரும் அவர்தான்.

அதற்கப்புறம் அவரைக் கூப்பிடாமல் நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் ஒரு வாட் மீட்டர் வாங்கிச் சொருகினேன். 750 வாட் என்று சொல்லி விற்ற ரிக் 1,050 காட்டியது. இந்த வாட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வந்து சேரும், வேறு எங்கும் போவதில்லை. ஆயிரம் வாட் ரிக் என்றால் ஆயிரம் வாட் ரூம் ஹீட்டர், அவ்வளவுதான். ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு சுமார் 3,500 வாட், அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரு ரிக்கே தின்றுவிடும். ஆயிரம் வாட்டுக்கே மாதம் 720 யூனிட், ஏசி கரண்ட் தனி. அவருடைய தாள் கணக்கில் இது எதுவும் கிடையாது.

ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால், கார்டுகளை அண்டர்வோல்ட் செய்யவே இல்லை, அதாவது வோல்டேஜைக் குறைக்கவே இல்லை. எத்தீரியம் மைனிங்கில் வேலை முழுக்க மெமரிக்குத்தான். கோரின் (கணக்குப் போடும் சிப்பின்) வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கினால் ஹேஷ்ரேட் பெரிதாக விழாது, சூடு மட்டும் விழும். கோரை 1,150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி வோல்டேஜையும் குறைத்ததும் மீட்டர் 800 பக்கம் வந்தது. காசே செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல்தான் எனக்கு ஆறு ஃபேன் விற்றிருக்கிறார்.

அந்த ஃபேன்களின் கதை இன்னும் அழகு. மூன்றை முன்பக்கமும் மூன்றைப் பின்பக்கமும் கட்டியிருந்தார், இரண்டு வரிசையும் கார்டைப் பார்த்தே ஊதின. காற்று நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. கார்டுகளுக்கு இடையில் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை, ஒன்றின் மூச்சை அடுத்தது குடித்தது. ஆயிரம் வாட் சூட்டை, அறை வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியே தள்ள நிமிடத்துக்குச் சுமார் 175 கன அடி காற்று அறையை விட்டு வெளியேற வேண்டும். அறைக்கு உள்ளேயே எத்தனை ஃபேன் சுற்றினாலும் அதே சூடான காற்றுதான் சுற்றும். நான் கடைசியில் செய்தது: கார்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன், எல்லா ஃபேனையும் ஒரே திசைக்குத் திருப்பினேன், ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, எதிர்ப்பக்கம் கீழே காற்று வர வழி விட்டேன். 66 டிகிரியில் நின்றது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் டிகிரி கோருடையது மட்டும். ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகளில் மெமரியின் சூடு வெளியே தெரியாது. என் ரிக்கில் கோர் அமைதியாக இருந்தபோதே, பல ரிக்குகளைச் சேர்த்து மைனிங் செய்து வருமானத்தைப் பிரித்துக் கொடுக்கும் பூல், என் ரிக் அனுப்பிய விடைகளைத் தப்பான ஷேர்கள் என்று தள்ளிக்கொண்டிருந்தது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்த்தால் மெமரி பிழைகள் ஆயிரக்கணக்கில். கார்டின் பயாஸில் (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில்) மெமரி டைமிங்கை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருந்தார், டெமோவில் எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வாங்குகிறவர்கள் மெமரி வெப்பத்தைக் கட்டாயம் கேளுங்கள், அதில் பார்க்க முடியும். 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

காசு போனதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. ஒரு நாள் அறைக்குள் பிளாஸ்டிக் கருகும் வாசனை. ரைசர்களுக்குக் கரண்ட் கொடுக்க, ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டரைப் பயன்படுத்தி, ஒரே வயரில் மூன்று ரைசரைத் தொங்கவிட்டிருந்தார். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 66 வாட் வரை இழுக்கலாம். ஒரு கனெக்டருக்கு ஒரு ரைசர் வைத்தாலே ஆபத்து, இவர் மூன்றுக்கு ஒரே வயர். தொட்டுப் பார்த்தபோது பழுப்பாகி, பின்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தன. நான் வீட்டில் இருந்ததால் தப்பித்தேன். ஆறு பின் பிசிஐஇ வயர் நேராகச் சொருகும் ரைசர் இல்லை என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

பவர் சப்ளையில் 1,600 வாட் என்று பெரிய எழுத்து. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் படித்தால் 65 ஆம்பியர். பெருக்கினால் 780 வாட். கார்டுகள் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். ரிக் தானாக ரீஸ்டார்ட் ஆனதன் காரணம் அதுதான், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இவ்வளவும் மட்டமான வேலை என்று வைத்துக்கொண்டாலும், அடுத்தது அப்பட்டமான திருட்டு. முதல் ஒன்பது நாள் நாணயம் வந்து சேர வேண்டிய என் வாலட்டுக்கு ஒன்றும் வரவில்லை. "குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் பூல் அனுப்பும்" என்றார், அது பூல்களின் வழக்கம்தான் என்பதால் பேசாமல் இருந்தேன். அவர் சேமித்துக் கொடுத்திருந்த பூல் பக்கத்தைத் திறந்தால், என்னுடையதோடு சேர்த்துப் பதினான்கு ரிக்குகள் ஓடிக்கொண்டிருந்தன! மைனரை (மைனிங் மென்பொருளை) தொடங்கும் ஃபைலைத் திறந்து பார்த்தேன். வாலட் முகவரியின் கடைசி எழுத்துகள் என்னுடையவை இல்லை.

"அண்ணே, இது யார் முகவரி?"

"டெஸ்ட் பண்ணப் போட்டது தம்பி, மாற்ற மறந்துட்டேன்."

பதினான்கு பேருக்கும் மறந்திருக்கிறார். ஒன்பது நாள் வருமானத்தைத் தருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார், அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தயார் நிலையில் வரும் ரிக்கை அப்படியே ஓட்டாதீர்கள். ரிக்கோடு வரும் பென்டிரைவை அழித்து, மைனரை அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து நீங்களே இறக்கி, உங்கள் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

செப்டம்பருக்குப் பிறகு கார்டுகளை விற்கப் போனேன். வாங்க வந்த பையன் தன் கம்ப்யூட்டரில் மாட்டினால் டிரைவர் ஏறவே இல்லை, பயாஸ் மாற்றப்பட்டிருந்ததால். வேறு பயாஸ் ஏற்றி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட்டைத் திறந்தான். "அண்ணா, 580-க்கு ஷேடர், அதான் கணக்குப் போடுற யூனிட், 2,304 இருக்கணும். இதில் நாலு கார்டில் 2,048தான் இருக்கு" என்றான். பெயர் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. மைனிங்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதால் ஆறு மாதமும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. விற்றவர் அதைத் தெரிந்தே செய்திருக்கிறார்.

நாலு கார்டையும் 570 என்று சொல்லியே, அந்த விலைக்குத்தான் கொடுத்தேன். வாங்கினவர்கள் ஒவ்வொருவரையும் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் போகும்போது ரைசர்களையும் சேர்த்துக் கேட்டார். அவற்றை ஏற்கெனவே வெட்டிப் போட்டிருந்தேன்.