‘நைட் விஷன் அப்டேட்’ என்ற பெயரில் டேஷ்கேமைக் கெடுத்துக் கொடுக்கிறார்கள்: மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டேஷ்கேம், அதாவது சாலையைப் பதிவுசெய்யக் காருக்குள் பொருத்தும் கேமரா, வாங்கும்போது கடைக்காரர் ‘இரவிலும் பளிச்சென்று தெரிய வைக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது, தனியாக ஏற்றித் தருகிறேன்’ என்று சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கோவையில் உள்ள ஒரு கடையில் இதற்காக 2,500 ரூபாய் கொடுத்தேன். விபத்து நடந்த நேரத்தில் அந்தக் கேமராவின் பதிவு எதற்கும் உதவவில்லை. நீலகிரியிலிருந்து இதுபோன்ற பொருள்களை வாங்கக் கீழே இறங்கும் பலரும் அதே வகைக் கடைகளுக்குத்தான் போகிறார்கள் என்பதால், நடந்ததையும் பிறகு நான் சரிபார்த்துத் தெரிந்துகொண்டதையும் முழுமையாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது நல்ல பெயருள்ள நிறுவனத்தின் கேமராதான். பெட்டியின் மேல் 2கே என்று, அதாவது 1440பி என்று, தெளிவாக அச்சிட்டிருந்தது. பொருத்திக் கொடுத்த இளைஞர், “சார், நீங்க மலைக்காரங்க, பனியில இது பத்தாது. நம்மகிட்ட 4கே நைட் விஷன் ஃபர்ம்வேர் இருக்கு, போட்டா ராத்திரியும் பகல் மாதிரி இருக்கும்” என்றார். ஃபர்ம்வேர் என்பது கேமராவை இயக்கும் உள் மென்பொருள். தன்னிடமிருந்த மெமரி கார்டைச் செருகி, விளக்கு சிமிட்டி முடியும்வரை காத்திருந்து, மெனுவில் 4கே என்ற வரி புதிதாக வந்திருப்பதைக் காட்டினார். அவிநாசி சாலையில் உச்சிவெயிலில் ஓட்டிப் பார்த்தபோது அதன் சிறு திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில், அந்த அளவுத் திரையில், எந்தக் கேமராவும் நன்றாகத்தான் தெரியும். பில்லில் ‘கார் ஆக்சஸரீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அப்டேட்டுக்கான தொகைக்குப் பில் தரவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். குஞ்சப்பனையைத் தாண்டியபின் மூடுபனி இறங்கிவிட்டது. மணி மாலை 6.40 இருக்கும். மலைப்பாதையில் மேலேறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது இங்கே ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் எதிரே இறங்கி வந்த ஒரு சுற்றுலா வேன் வளைவில் எங்கள் பக்கத்துக்கு ஏறி வந்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்து, கதவையும் பின்கதவையும் நீளமாகக் கீறிவிட்டு, நிற்காமல் போய்விட்டது. யாருக்கும் காயமில்லை. கேமரா இருக்கிறதே என்ற தைரியத்தில் வேனைத் துரத்தாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினோம்.

அன்றிரவு கணினியில் அந்தப் பதிவை ஒவ்வொரு பிரேமாக (வீடியோவின் தனித்தனிப் படமாக) நகர்த்திப் பார்த்தேன். வேனின் ஹெட்லைட்டுகள் இரண்டு வெள்ளை வட்டங்களாக ஊதிப் பெருத்திருந்தன. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் தெரிந்தது. வேன் பக்கவாட்டில் கடக்கும் பிரேம்களில் அதன் மேலிருந்த நிறுவனப் பெயர் குறுக்கே இழுபட்ட கோடுகளாகிவிட்டது. சாலையோரத் தேயிலைச் செடிகள் இலை, கிளை என்ற வேறுபாடே இல்லாமல் பச்சைக் கட்டங்களாகத் தெரிந்தன. போதாக்குறைக்கு, மூலையில் பதிவான நேரம் 6.10 என்றிருந்தது. காவல் நிலையத்தில் அதைப் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வியே, “நேரம் அரை மணி முன்னாடி காட்டுதே?” என்பதுதான். கடைக்காரர் ஏற்றிய ஃபர்ம்வேரின் மெனுவில் முழு மணிக் கணக்கிலான நேர மண்டலங்கள் மட்டுமே இருந்தன, நமக்குரிய 5.30 அதில் இல்லவே இல்லை. ஜிபிஎஸ் தரும் உலகப் பொது நேரத்தோடு ஐந்து மணி மட்டும் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது அந்தக் கேமரா.

அதன்பின் பதிவுக் கோப்புகளின் விவரங்களைப் பார்த்தேன். படத்தின் அளவு 3840க்கு 2160 என்று காட்டியது உண்மைதான். ஆனால் ஒரு நிமிடக் கோப்பின் அளவு சுமார் 60 எம்பிதான், அதாவது நொடிக்கு 8 மெகாபிட் (நொடிக்கு எவ்வளவு தகவல் பதிவாகிறது என்ற இந்த அளவுதான் பிட்ரேட்). 4கே என்றால் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். எனது கேமராவின் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) 1440பி அளவுக்கானது. அது தருவது ஏறத்தாழ 37 லட்சம் புள்ளிகள். மீதியைச் சென்சார் பார்க்கவே இல்லை, பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஃபர்ம்வேர் இட்டு நிரப்பியிருக்கிறது. அப்படி ஊதிப் பெருக்கிய படத்தை 8 மெகாபிட்டுக்குள் திணிக்கும்போது நம்பர் பிளேட் எழுத்து போன்ற நுணுக்கங்கள்தான் முதலில் அழிகின்றன. உற்பத்தி நிறுவனத்துக்குப் பதிப்பு எண்ணை அனுப்பிக் கேட்டபோது, அது தங்கள் மாடலுக்கான ஃபர்ம்வேரே இல்லை, அதே புராசஸர் உள்ள வேறொரு கேமராவுக்கானது என்று பதில் வந்தது.

இரவுக் காட்சியின் தெளிவைச் சென்சாரின் ஒளி உணர்திறன், லென்ஸ், ஷட்டர் திறந்திருக்கும் நேரம், பிட்ரேட் ஆகியவைதான் தீர்மானிக்கின்றன. ஃபர்ம்வேரால் இவற்றைச் சரியாகவோ தவறாகவோ பயன்படுத்த முடியுமே தவிர, சென்சாருக்குள் விழாத வெளிச்சத்தை உண்டாக்க முடியாது. நொடிக்கு 30 பிரேம் பதிவாகும் கேமரா, இருட்டில் ஷட்டரை நொடியின் 30இல் ஒரு பங்கு வரை திறந்து வைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்தால், அந்தச் சிறு இடைவெளியில் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் அரை மீட்டருக்கும் மேல் குறைந்துவிடும். நேராக வரும்போது இதனால் பெரிய பாதிப்பில்லை. கொண்டை ஊசி வளைவில் குறுக்காகக் கடக்கும்போதுதான் எழுத்துகள் இழுபடுகின்றன. பிரதிபலிக்கும் நம்பர் பிளேட்டுகளோ நமது ஹெட்லைட்டை அப்படியே திருப்பி அனுப்புவதால், படத்தை வெளிச்சமாக்கும் எந்த ‘நைட் விஷன்’ அமைப்பும் அவற்றை வெள்ளைப் பட்டையாக்கிவிடும். இரவுப் படம் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ, அவ்வளவு குறைவாகவே எண் படிக்கக் கிடைக்கும்.

கடைக்குத் திரும்பிச் சென்றேன். மலையில் பனி இருந்தால் எந்தக் கேமராவும் அப்படித்தான் என்றார்கள். பழைய ஃபர்ம்வேரை மீண்டும் ஏற்றித் தரச் சொன்னதற்கு, அது தங்களிடம் இல்லை என்றும், வேறு ஃபர்ம்வேர் ஏற்றியதால் வாரண்டியும் போய்விட்டது என்றும் சொன்னார்கள். ஏற்றியது அவர்களே என்பதை நினைவூட்டியபோது, அதற்குப் பில் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பனியைக் காரணம் சொன்னது பொய் என்பதை நிரூபிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து எனது மாடலுக்கும் அதன் வன்பொருள் பதிப்புக்கும் உரிய கோப்பை எடுத்தேன். மெமரி கார்டை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் நேரடியாகக் கோப்பை நகலெடுத்து ஏற்றினேன். இடையில் மின்சாரம் அறுந்தால் கேமரா மொத்தமாகச் செத்துவிடக்கூடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் ஏற்படும் மின்னழுத்தச் சரிவே அதற்குப் போதும் என்பதால், வண்டிக்குள் செய்யாமல் வீட்டில் சார்ஜரில் போட்டுச் செய்தேன். ஏற்றி முடிந்ததும் கார்டிலிருந்து கோப்பை நீக்கிவிட்டு, எல்லா அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் ஒவ்வொன்றாக வைத்தேன். நேர மண்டலத்தில் 5.30 திரும்பி வந்தது. பிட்ரேட் 16 மெகாபிட்டுக்கு உயர்ந்தது. அதே சாலையில், அதே போன்ற பனியில், முன்னே செல்லும் வண்டியின் எண்ணை இப்போது பக்கத்திலிருக்கும்போது படிக்க முடிகிறது. எதிரே வேகமாக வரும் வண்டியின் எண் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. ஆனால் வண்டியின் நிறம், வகை, பெயர்ப்பலகை எல்லாம் தெரிகின்றன.

இங்கே ஓட்டுபவர்களுக்கு எந்த அமைப்பு சரிப்பட்டு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெசல்யூஷனைச் சென்சாரின் இயல்பான அளவுக்கு மேல் வைக்காதீர்கள். பிட்ரேட்டை மெனுவில் உள்ளதிலேயே உயர்ந்த நிலையில் வையுங்கள். இரவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) சுழியத்துக்குக் கீழே ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி குறையுங்கள். படம் சற்று இருண்டு தெரிந்தாலும் நம்பர் பிளேட் வெளுத்துப்போகாது. பகலில் பனி படர்ந்த வானம் வெள்ளையாகிச் சாலையை இருட்டாக்கிவிடுவதால், வானம் படத்தில் பாதிக்கு மேல் வராதபடி கேமராவைச் சற்றுத் தாழ்த்திப் பொருத்துவது எந்த மென்பொருளையும்விட அதிகப் பலன் தருகிறது. சோனியின் ஸ்டார்விஸ் 2 வகைச் சென்சார் உள்ள கேமராக்களில் வரும் ஹெச்டிஆர் (மிகுந்த வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே காட்சியில் பதிவுசெய்யும் முறை), எதிர் வெளிச்சத்தை அடக்குவதில் உண்மையாகவே உதவுகிறது. பல மலிவுக் கேமராக்களில் டபிள்யூடிஆர் என்று எழுதியிருப்பது, ஒரே படத்தின் இருண்ட பகுதிகளை மென்பொருளால் வெளுப்பாக்குவது மட்டுமே. டேஷ்போர்டின் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வில்லையைப் பகலில் மட்டும் மாட்டுங்கள், அது பாதிக்கும் மேற்பட்ட வெளிச்சத்தை விழுங்கிவிடும். கேமரா வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவியையும் புகைப்படலத்தையும் அடிக்கடி துடைக்க வேண்டும். பனியில் பிரைட் லைட் போட்டால் உங்கள் வெளிச்சமே திரும்பி வந்து கேமராவையும் கண்ணையும் குருடாக்கும். அதிர்வு உணரியைக் குறைந்த நிலையில் வையுங்கள், இல்லையென்றால் நமது சாலைக் குழிகள் ஒவ்வொன்றையும் விபத்தென்று எண்ணிப் பூட்டிவைத்த கோப்புகளால் கார்டு நிரம்பிவிடும். கார்டும் தொடர் பதிவுக்கென்றே செய்யப்பட்ட ஹை எண்டியூரன்ஸ் வகையாக இருக்கட்டும்.

கேமரா வாங்குவோர் பில்லில் நிறுவனம், மாடல், வரிசை எண், சென்சார் பெயர் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பெட்டியைத் திறந்ததும் மெனுவில் உள்ள ஃபர்ம்வேர் பதிப்பைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் ஏற்றிக் கொடுத்தாலும் ஒரு நிமிடக் கோப்பின் அளவைப் பாருங்கள், 4கே என்று சொல்லப்படும் கோப்பு 60 எம்பியில் முடிந்தால் அது 4கேக்குரிய தெளிவைத் தராது.

பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். அதன்பிறகு கேமராவை மாற்றித் தருவதாகக் கடையிலிருந்து அழைத்தார்கள், அப்டேட்டுக்கு வாங்கிய தொகையைப் பற்றி மட்டும் பேச மறுக்கிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் இதற்காகக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் இருக்கிறது. ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்பதற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இதேபோல் ‘நைட் விஷன் அப்டேட்’ ஏற்றிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், பழைய ஃபர்ம்வேருக்கு மாறும் முன் இப்போதைய பதிப்பு எண்ணையும் இரவுப் பதிவு ஒன்றையும் பணம் செலுத்திய யுபிஐ விவரத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள். நானும் அவற்றைத்தான் மனுவுடன் இணைக்கிறேன்.