கரைத்துக் குடிப்பதா, விழுங்குவதா? டெஃபராசிராக்ஸ் பூச்சு மாத்திரை பற்றி

தலசீமியா மேஜர் (பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய்) உள்ளவர்கள் யாராவது, உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸை இன்னும் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அதே மருந்தின், அப்படியே முழுங்கும் பூச்சு மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் இரண்டையும் சாப்பிட்டவள், அதற்கு முன்னால் இதே வேலைக்கு ஊசி மருந்து ஏற்றும் பம்பும் கட்டியவள். பூச்சு மாத்திரைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

தெரியாதவர்களுக்காக: எங்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஒரு பை ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே வருகிறது. உடம்பு தானாக வெளியே தள்ளுவது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் போய்த் தங்கும். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் (கேரளத்தின் பாலக்காடு மாவட்டம்) எங்கள் தெரு அக்காமாருக்கு இது புரிந்தபாடில்லை. "மாத்திரையாத் தின்னறதுக்கு முருங்கைக்கீரை ஆக்கித் தின்னா ஆகாதா கண்ணு?" என்று இப்போதும் கேட்பார்கள். ரத்தம் கம்மி என்றால் இரும்பு கம்மி, அதுதான் ஊர்க் கணக்கு. நான் தின்பது இரும்பை வெளியேற்றும் மாத்திரை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

சின்ன வயதில் எனக்கு இரும்பை வெளியேற்ற டெஸ்ஃபெரியாக்சமின் ஊசிதான். ராத்திரி வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைக் குத்தி, பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், வாரத்தில் ஐந்து ராத்திரி. குத்திய இடம் காலையில் கட்டி கட்டியாக நிற்கும். ஒரே ஒரு ஆறுதல், காலையில் சிறுநீர் செம்மண் நிறத்தில் போகும். மருந்து வேலை செய்கிறது என்று கண்ணாலேயே தெரியும். டெஃபராசிராக்ஸ் இரும்பை மலத்தோடு வெளியேற்றுவதால் அந்த அடையாளம் கிடையாது. உடம்பில் எவ்வளவு இரும்பு தங்கியிருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வரும்வரை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோன் காப்ஸ்யூல் நான் எடுத்ததில்லை. தினம் மூன்று வேளை, வெள்ளை அணு குறைகிறதா என்று அடிக்கடி ரத்தமும் பார்க்க வேண்டும்.

கரைக்கும் டெஃபராசிராக்ஸுக்கு அமெரிக்காவில் 2005-இல் அனுமதி கிடைத்தது. பம்பை விட்டவர்களுக்கு அது விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் அதைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று மாத்திரையைப் போட்டுக் கலக்கினால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஆகும். பாலிலோ சோடாவிலோ கலக்கக் கூடாது, ஆரஞ்சு ஜூஸ் பரவாயில்லை. ஒரே மடக்கில் குடித்தாலும் கிளாஸின் அடியிலும் சுவரிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுவும் மருந்து, விடக் கூடாது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சுழற்றி, அதையும் குடிக்க வேண்டும். முதல் கிளாஸைவிட அந்த இரண்டாவது மடக்குதான் குமட்டும். அப்புறம் வயிற்றில் ஒரு கடமுடா. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போகிறவளுக்கு இது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

பூச்சு மாத்திரை 2015-இல் வந்தது. மருந்து அதேதான், தண்ணீர் விட்டு முழுங்கினால் போதும். வெறும் வயிற்றில்தான் என்றில்லை, எண்ணெய் அதிகமில்லாத லேசான சாப்பாட்டோடும் எடுக்கலாம். எனக்கு இரண்டு இட்லி. முழுங்க முடியாத குழந்தைகளுக்குப் பொடித்துத் தயிரில் கலந்தும் கொடுக்கலாம். என் வயிற்றுப் பாடு பாதிக்கு மேல் குறைந்தது.

இப்போது முக்கியமான விஷயம். கரைக்கும் மாத்திரையில் என் அளவு 1500 மில்லிகிராம். மாற்றியபோது டாக்டர் எழுதியது 1080, அதாவது 360 மில்லிகிராம் மாத்திரை மூன்று. மருந்தைக் குறைத்துவிட்டாரே என்று அம்மா பதறினார். குறைக்கவில்லை. பூச்சு மாத்திரை உடம்பில் கூடுதலாகச் சேர்வதால் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவாகக் கொடுத்தாலே அதே வேலை நடக்கும். இது தெரியாத மெடிக்கல்காரர் ஒருவர், 360 ஸ்டாக் இல்லை என்று கரைக்கும் 500-ஐ எடுத்து நீட்டினார். "ரெண்டும் ஒரே மருந்துதாங்க்கா, மில்லிதான் கூட." வாங்காமல் வந்துவிட்டேன். பழைய அளவையே பூச்சு மாத்திரையில் எடுத்தால் மருந்து மிஞ்சிப்போய் சிறுநீரகத்துக்கு வம்பு. ஸ்டிரிப்பைத் திருப்பி, எந்த வகை, எத்தனை மில்லிகிராம் என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பூச்சு இருக்கிறது என்பதற்காக மருந்தின் குணம் மாறிவிடாது. மாதாமாதம் சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் டெஸ்ட்டும், கல்லீரல் டெஸ்ட்டும் உண்டு. வருடம் ஒருமுறை கண்ணும் காதும் பார்க்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, பேதி என்று உடம்பு வறண்டால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், சில நாள் நிறுத்தச் சொல்வார். அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்தை இதோடு சேர்க்கக் கூடாது. கேட்காமல் வலி மாத்திரை போடுவதும் ஆகாது, வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம்.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது விலைக்கும் ஸ்டாக்குக்கும்தான். எங்கள் வீட்டு மாதச் செலவில் அரிசி பருப்புக்கு மேலே நிற்பது இந்த மாத்திரை. பாலக்காடு மாவட்டத்துக்காரர்கள் முதலில் அரசு ஆஸ்பத்திரியில் கேரள அரசின் ஆஷாதாரா திட்டத்தை விசாரியுங்கள், ஹீமோபிலியாவோடு (ரத்தம் உறையாத நோய்) தலசீமியாவும் அதில் சேர்த்தி. கடையில் வாங்குவதானால் 360 எங்கள் ஊரில் சில சமயம் கிடைக்கும். அளவைக் கூட்டிக் குறைக்க எழுதும் 90 மில்லிகிராம் மாத்திரைக்கு, ஒரு வாரம் முன்னாலேயே பொள்ளாச்சியில் சொல்லி வைத்துவிடுவது நல்லது.