285 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு பாகம்கூட மாற்றவில்லை: துப்பாக்கியை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் பறக்கவிடும் களிமண் தட்டைக் குறிபார்த்துச் சுடவும் புறா வேட்டைக்கும் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய ரெமிங்டன் 870, 12 கேஜ் பம்ப், அதாவது முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. 1950இல் வந்த மாடல், ஒரு கோடிக்கு மேல் விற்றது, பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒரே தொல்லை: காலியாக இழுத்தால் வெண்ணெய் மாதிரி ஓடும், சுட்ட பிறகு இழுத்தால் முன்பிடி அசையாது. முழு பலத்தையும் போட்டால்தான் காலி ஷெல் (சுட்ட தோட்டாவின் கூடு) வெளியே வரும். செப்டம்பர் 1 புறா சீசன் நெருங்கிவிட்டது என்பதால் ஊருக்குள் இருக்கும் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். பழைய துப்பாக்கி வாங்கி விற்கவும் செய்கிற சின்னக் கடை. பெயர் வேண்டாம்.

இந்த ஊரில் சில துப்பாக்கிக் கடைகளில் நம் முகத்தைப் பார்த்ததும் ஒரு தயக்கம் தெரியும். இந்தக் கடைக்காரர் அப்படி இல்லை. உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், "என் அப்பாவிடமும் இதே துப்பாக்கிதான்" என்றார். காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலே பேரலைக் கழற்றிவிட்டார். முன்பிடியிலிருந்து உள்ளே போகும் இரண்டு கம்பிகளையும் விளக்கில் பிடித்து, கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்த கோட்டைக் காட்டினார். "பாருங்கள், கம்பி வளைந்திருக்கிறது, ஷெல் லாட்சும் (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் தகடு) தளர்ந்திருக்கிறது. இரண்டையும் புதுசாகப் போட்டுவிடலாம்." இவ்வளவு பொறுமையாக விளக்குகிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? பாகமும் கூலியும் சேர்த்து 285 டாலர். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன்.

திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே நாலு தடவை இழுத்துக் காட்டினார். நன்றாக ஓடியது. காலியாக இழுத்தால் எப்போதுமே ஓடத்தானே செய்தது! ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) இரண்டாவது ஷெல்லிலேயே மாட்டிக்கொண்டது.

அதற்கப்புறம்தான் அலைக்கழிப்பு. முதலில், "புதுப் பாகம், பழக வேண்டும், இன்னும் நூறு ஷெல் சுடுங்கள்" என்றார்கள். பிறகு, "நீங்கள் போடும் ஷெல் மட்டமானது." பிறகு, "பார்த்த ஆள் லீவில் இருக்கிறார்." கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டால், "அதையெல்லாம் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை." காபி கொடுத்தவர் நான் வந்தால் உள்ளே போய்விடுகிறார். 285 டாலர் வாங்கும்போது இருந்த முகம் இப்போது இல்லை.

உண்மையைக் காட்டியவர் ரேஞ்சில் பக்கத்து வரிசையில் நின்ற ஒரு பெரியவர். என் காலி ஷெல்லின் அடிப்பகுதியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தார். ஒட்டிக்கொண்டது. பார்க்கப் பித்தளை, உள்ளே இரும்பு; மலிவு விலைப் பெட்டிகளில் வரும் ஷெல்கள் பலவும் இப்படித்தானாம். சுடும்போது அந்த அடி விரிகிறது. நல்ல பித்தளை என்றால் கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்கும், இரும்பு அவ்வளவு சுருங்காது. பேரலில் ஷெல் உட்காரும் சேம்பர் சொரசொரப்பாக இருந்தால் அங்கேயே கவ்விக்கொள்ளும். பேரலைக் கழற்றி டார்ச் அடித்தார். சேம்பரில் பழுப்பு நிறத்தில் துருவும் உருகிய பிளாஸ்டிக் கறையும் வளையமாகப் படிந்திருந்தன. கம்பி வளைந்திருந்தால் காலியாக இழுத்தாலும் சிக்கும், சுட்ட பிறகு மட்டும் சிக்கினால் முதலில் சேம்பரைத்தான் பார்க்க வேண்டும் என்றார். துப்பாக்கி ரிப்பேரில் இது அரிச்சுவடி. கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அதோடு முடியவில்லை. 870இல் ஷெல் லாட்சைப் பொருத்திவிட்டு, ஓரத்தைப் பஞ்ச் உளியால் குத்தி இறுக்குவார்கள். புதிதாகக் குத்தியிருந்தால் அந்த இடம் பளபளவென்று இருக்கும். என்னுடையதில் பழைய குத்துதான், அதன் மேல் பழைய அழுக்கு அப்படியே இருக்கிறது. கம்பிகளும் அதே கம்பிகள், அவர் விரல் வைத்துக் காட்டிய அதே வெள்ளைக் கோடு. 285 டாலருக்கு எண்ணெய் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நான்கு சைபர் (0000) ஸ்டீல் வுல்லை, அதாவது மிக மெல்லிய எஃகு நாரை, எண்ணெயில் நனைத்து, ட்ரில்லில் மாட்டிய கம்பியில் சுற்றி, சேம்பரில் மட்டும் ஓட்டி, சுத்தமாகத் துடைத்தேன். அதே மலிவு ஷெல்லைப் போட்டுச் சுட்டேன், ஒன்றுகூட மாட்டவில்லை. படத்தோடு கடைக்குப் போய்க் காட்டினேன். "அப்படியானால் இப்போது சரியாகிவிட்டதே, அப்புறம் என்ன?" என்றார்கள்! வயிறு எரிகிறது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. மாற்றிய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஸெல் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள், நாமே அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம்; கிரெடிட் கார்டு என்றால் பில் வந்த 60 நாளுக்குள் தகராறு எழுப்பலாம். துப்பாக்கி ரிப்பேரைத் தொழிலாகச் செய்பவருக்கு ஃபெடரல் லைசன்ஸ் வேண்டும், லைசன்ஸ் எண்ணைக் கேட்டு, துப்பாக்கி லைசன்ஸைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப் (ATF) தளத்தில் சரிபாருங்கள். முன்பிடி அசையவே இல்லை என்றால் பயந்துபோய்க் கடைக்கு ஓடாதீர்கள், ட்ரிகர் வளையத்தின் முன்னால் இருக்கும் ரிலீஸ் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பூட்டி மட்டும் இருக்கலாம். ஷெல் உள்ளே மாட்டியிருந்தால் எந்த நிலையிலும் பேரல் வாயை ஆள் இல்லாத பக்கமே வைத்திருங்கள்.

285 டாலருக்கு ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சின்ன வழக்குகளுக்கான உள்ளூர் நீதிமன்றம்) மனுப் போடப் போகிறேன். இங்கே 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே அங்கு வழக்குப் போடலாம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.