ஏற்காட்டுக்கு வாடகை சைக்கிள்: பிரேக்குக்கு நான்கு ஸ்டார், அந்தப் படிவத்துக்கு ஒன்று

சேலத்தில் கியர் சைக்கிள் வாடகைக்கு விடுகிற ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. கையெழுத்து வாங்குகிற படிவத்தை மாற்றுவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார், மாற்றட்டும், பிறகு பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மூக்கனேரிக் கரையில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். ஏற்காடு ஏறி இறங்க வேண்டும் என்று எடுப்பவர்கள் முழுசாகப் படித்துவிடுங்கள்.

வாடகை நியாயம். அரை நாளுக்கு 400 ரூபாய், முன்பணம் 2,000, ஆதார் நகல் ஒன்று. பையன்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், சீட் உயரத்தை உட்காரவைத்துப் பார்த்துச் சரி பண்ணித் தருகிறார்கள். கொடுப்பது 21 கியர் மலைச் சைக்கிள், கனம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முன்னால் சின்னப் பல்சக்கரம் பின்னால் பெரியது என்று போட்டுவிட்டால் சுமாரான உடம்புக்காரரும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறிவிடலாம்.

ஏறுவதில் பயமில்லை, இறங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் கூட இல்லை, ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர். அடிவாரம் வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு. அவ்வளவு உயரத்தையும் இரண்டு பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். பழைய மாதிரி ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் பிரேக்கை வழி நெடுக அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி உள்ளே ட்யூப் வெடிக்கிற அளவுக்குப் போகும். அதனால் இந்தக் கடையில் மலைக்கு என்று சொன்னால் டிஸ்க் பிரேக் சைக்கிள் மட்டும்தான் தருகிறார்கள், ரிம் பிரேக் வண்டியைக் கேட்டாலும் தர மாட்டேன் என்கிறார்கள். இந்த ஒரு பிடிவாதத்துக்காகவே நான்கு ஸ்டார்.

ஆனாலும் டிஸ்க் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். இவர்கள் வைத்திருப்பது கேபிளில் இழுக்கிற வகை, கேபிள் தளர்ந்தால் லீவர் ஹேண்டில்பார் வரை வந்து முட்டும். கடை வாசலிலேயே இரண்டு லீவரையும் முழுசாக அழுத்திப் பாருங்கள். பேடு, அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பட்டை, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. இன்னொன்று, நம் ஊரில் வழக்கமாக வலது கை லீவர்தான் முன் பிரேக், வெளிநாட்டில் இருந்து வந்த சில வண்டிகளில் இடது கையில் இருக்கும், இங்கேயும் அப்படி ஒன்றிரண்டு நிற்கின்றன. சரிவில் தெரியாமல் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விடுவார். கடைப் பையன் இதை எல்லோருக்கும் சொல்கிறானா என்று கவனித்தேன், கேட்டவர்களுக்குத்தான் சொல்கிறான்.

ஹெல்மெட் மோசம். எனக்குத் தந்ததில் உள்ளே வெள்ளைத் தெர்மாகோலில் ஒரு விரிசல். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை அப்புறம் நம்பக்கூடாது, அந்த நுரை ஒரு தடவை நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றும், மறுபடி உப்பி வராது. வேறு கேட்டு வாங்கினேன். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு பைக்குகளுக்குத்தான். தலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பின்னால் சிவப்பு லைட் எல்லா வண்டியிலும் இல்லை, ரிஃப்ளெக்டர் சிலதில் உடைந்திருக்கிறது. ஏற்காட்டில் பகலிலேயே மேகம் இறங்கி மூடிவிடும், பத்தடி தள்ளி வருகிற பஸ் தெரியாது. லைட் இல்லாத வண்டியை எடுக்காதீர்கள்.

இப்போது அந்தப் படிவம். ஒரு பக்கம், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். சுருக்கமாக மூன்று விஷயம்: என்ன காரணத்தால் சைக்கிளுக்குச் சேதம் வந்தாலும் எடுத்தவர்தான் கட்ட வேண்டும், காயமோ உயிரிழப்போ நடந்தால் கடைக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது, எந்த நீதிமன்றத்துக்கும் போக மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இது வெறும் காகிதம் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்தது. இறங்கும்போது பாதிக்குக் கீழே ஒரு வளைவில், ஏறி வந்த கார் ஒன்று முன்னால் போன பஸ்ஸை அங்கேயே முந்தப் பார்த்து எங்கள் பக்கம் வந்துவிட்டது. என் சித்தி பையன் இடது ஓரம் ஒதுங்கியும் கார்க் கண்ணாடி ஹேண்டில்பாரில் உரச, சாக்கடை ஓரக் கல்லில் போய் விழுந்தான். முழங்கை சிராய்ப்பு, ஹேண்டில்பார் திரும்பிப்போனது, பின் கியர் வளைந்தது, அவ்வளவுதான், நல்லவேளை. காரை ஓட்டியவர் இறங்கி வந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "தம்பி, லைசென்ஸ் இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, சைக்கிளை எதுக்கு மலை ரோட்டுக்குக் கொண்டு வர்றீங்க?"

நிறைய பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். ரோட்டில் போக அவருக்கு இருக்கிற உரிமை நமக்கும் இருக்கிறது. கட்டாயக் காப்பீடு அவருடைய காருக்குத்தான், அது எடுப்பதே அவரால் அடிபடுகிற மூன்றாவது ஆளுக்காக, அந்த மூன்றாவது ஆள் சைக்கிளில் போகிறவராகவும் இருக்கலாம். காயம் பெரிதென்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். நம் பேரிலும் தப்பு இருந்தால், உதாரணமாக வளைவில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே இறங்கினால், அந்தப் பங்குக்குத் தொகையைக் குறைப்பார்கள். அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்ட வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. சிகிச்சைக்கு முதல் 48 மணி நேரம் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, வெளி மாநிலத்துக்காரருக்கும் பொருந்தும், 108க்குப் போன் போடத் தயங்க வேண்டாம். ஆனால் கார் எண்ணைப் படம் எடுத்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

சைக்கிள்காரர் என்றால் எல்லாம் மன்னிப்பு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்துப் பக்கம் சந்தடியில் வேகமாக வந்து ஒரு பாட்டியை இடித்தோம் என்றால், பொதுச்சாலையில் தாறுமாறாக ஓட்டுவதற்கான பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 281ஆம் பிரிவு 'எந்த வாகனம்' என்றுதான் சொல்கிறது, மோட்டார் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆறு மாதம் வரை சிறை, இல்லை 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். கவனக்குறைவால் உயிரே போனால் 106ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை. இழப்பீட்டுக்கு அந்தத் தீர்ப்பாயமும் கிடையாது, காப்பீட்டு நிறுவனமும் கிடையாது, பாட்டி வீட்டார் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டால் கட்ட வேண்டியது நம் கைக்காசு. இன்சூரன்ஸ் வேண்டாம் என்பதற்கு இப்படி ஒரு மறுபக்கமும் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

கடைக்கு வருவோம். போன் செய்தவுடன் டாடா ஏஸ் அனுப்பி ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டார்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை, பாராட்ட வேண்டும். கீழே வந்ததும் படிவத்தைக் காட்டி முன்பணத்தில் 1,500 ரூபாயைப் பிடித்தார்கள், அதைப் பாராட்ட முடியாது. கார்க்காரர் தப்புக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டால் "சைன் போட்டிருக்கீங்களே அண்ணா" என்கிறான் பையன். உரிமையாளர் வந்து அரை மணி நேரம் பேசிப் பாதியைத் திருப்பித் தந்தார்.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். வேகமாக வந்து நானே விழுந்து வண்டியை உடைத்தால் பணம் கட்டுவது என் வேலை, அதில் தகராறு இல்லை. ஆனால் தேய்ந்த பேடோடு ஒரு வண்டியைத் தந்து அதனால் ஒருவர் விழுந்தால், 'பொறுப்பல்ல' என்று அச்சடித்து வைத்திருப்பதால் கடை தப்பித்துவிட முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. கோர்ட்டுக்குப் போக மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவதெல்லாம் ஒப்பந்தச் சட்டத்தின் முன் நிற்காது. புகாருக்கு 1915 என்ற எண்ணும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பிரேக், டயர், லைட், ஹெல்மெட் உள்பக்கம் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுங்கள், படிவத்தையும் எடுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் எடுத்தபோது சிரித்தார்.

பேட்டரி சைக்கிளும் புதிதாக வைத்திருக்கிறார்கள். "லைசென்ஸே வேண்டாம் சார்" என்று விற்பனைப் பேச்சு வேறு. மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், எடை பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அந்தப் பேச்சு சரி. வேகக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டு ஓட்டினால் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம், அப்புறம் பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கேட்பார்கள். நான் பார்த்த வண்டியில் வாட் எழுதிய ஸ்டிக்கரே இல்லை, எடுக்கவில்லை.

மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைக்கு எடுக்க வேண்டாம், போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கி இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாக இறங்குகிற இன்னொரு மலைப்பாதைக்குத் திருப்பிவிடுவார்கள், அந்த வரிசையில் சைக்கிளில் மாட்டிக்கொள்வது கொடுமை. மற்ற நாளில் போகலாம். குறுகலான இடத்தில் இறங்குகிறவர் ஒதுங்கி ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும் என்பது 2017 ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது, எனவே கீழே இருந்து பஸ் வந்தால் நின்றுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே கடை திறக்கிறார்கள், முதல் நாளே போன் செய்து உங்கள் உயரத்தைச் சொல்லிவிடுங்கள், நடுத்தர சைஸ் வண்டிகள்தான் முதலில் தீர்ந்துபோகின்றன.