திருப்பூர் சாயப்பட்டறைகளை மாற்றியது எது: கோர்ட்டா, பையரா, செலவுக் கணக்கா?

சுற்றுச்சூழலைக் காக்கும் புதிய முறைக்கு ஒரு கம்பெனி ஏன் மாறுகிறது? சட்டம், பையர் (துணியை வாங்கும் கம்பெனி), லாபம் என்று மூன்று பதில்கள் வரும். திருப்பூரில் மூன்றும் வேலை செய்திருக்கின்றன. ஆனால் மூன்றும் மாற்றியது பட்டறையின் வெவ்வேறு மூலைகளை.

கோர்ட் மாற்றியது குழாயின் கடைசி முனையை. சாயக்கழிவில் நொய்யல் ஆற்றுப் பாசனம் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையானது. 2006-லேயே உத்தரவு வந்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் 'ஒரு சொட்டும் வெளியே போகாது' என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. கழிவுநீர் உயிரியல் சுத்திகரிப்பு, ஃபில்டர், ஆர்.ஓ. (மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே தண்ணீரைப் பிரிப்பது) என்று போகும். ஆர்.ஓ.வில் சுமார் 85 சதவீதம் நல்ல தண்ணீராகத் திரும்பும். மிஞ்சும் உப்புத் தண்ணீர், அதாவது ரிஜெக்ட், ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போய், அதிலிருந்து சாயம் துணியில் பிடிக்கப் போட்ட சோடியம் சல்பேட் உப்பு பிரியும். அது மறுபடி சாயத் தொட்டிக்கே வரும்.

சிக்கல் வருவதும் இங்கேதான். தண்ணீரின் கடினத்தன்மையை முன்னாலேயே எடுக்காவிட்டால் மெம்பரேனில் சுண்ணாம்பு படியும். சல்பேட்டுக்குப் பதில் சாதா உப்பைப் போட்டால் குளோரைடும் சல்பேட்டும் கலந்து, எளிதில் பிரிக்க முடியாத கலப்பு உப்பாகி மூட்டை மூட்டையாக ஷெட்டில் குவியும். ஆற்றுக்குப் போன உப்பு கோடவுனுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஆற்றில் கலப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பையர் மாற்றியது கெமிக்கல் ஸ்டோரை. 2011-ல் கிரீன்பீஸ் நடத்திய பிரசாரத்துக்குப் பின் பெரிய பிராண்டுகள் தடை ரசாயனப் பட்டியலைக் கறாராக்கின. ஆபத்தான சில ரசாயனங்களும் சிலவகை டிடர்ஜென்ட்களும் ஓரங்கட்டப்பட்டன. நல்ல காரியம். ஆனால் நொய்யலைக் கெடுத்த உப்பு அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. பையரை மட்டும் நம்பியிருந்தால் ஆறு தப்பியிருக்காது.

செலவுக் கணக்கு மாற்றியதுதான் மெஷினை. 1,000 கிலோ துணிக்கு 1:10 லிக்கர் ரேஷியோ (கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர்) என்றால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினில் ஒருமுறை தண்ணீர் நிரப்பி ஓட்ட, 10,000 லிட்டர். சாயம் போடும் பாத்தில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டால் 600 கிலோ. அதையே குறைந்த தண்ணீரில் ஓடும் 1:6 சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஓட்டினால் 6,000 லிட்டர், 360 கிலோ. பிளீச்சிங் முதல் சோப்பிங், அலசல் வரை 8 பாத் என்று வைத்தால், ஒரு லாட்டுக்கு (ஒரே தடவையாகச் சாயம் போடும் துணிக்கு) 80,000 லிட்டர் 48,000 ஆகும். ரிஜெக்ட் 15 சதவீதம் என்றால் எவாப்பரேட்டருக்குப் போவது 12,000-க்குப் பதில் 7,200 லிட்டர். மிச்சமாகும் 4,800 லிட்டரை ஆவியாக்கும் விறகுச் செலவும் பம்ப் கரண்டும் மாதக் கணக்கிலேயே தெரியும். முதலாளியிடம் யாரும் பசுமையைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கழிவைச் சும்மா ஆற்றில் விட முடிந்த காலத்தில் இந்தக் கணக்கில் மிச்சமானது உள்ளே வரும் தண்ணீருக்கும் உப்புக்கும் உண்டான செலவு மட்டும். வெளியேறும் லிட்டருக்கு விலை வைத்தது கோர்ட். அதனால் மூன்றில் எது முதல் என்றால், எங்கள் பதில் சட்டம்தான். அதுவும் கறாராக அமலாகும் சட்டம். கண்காணிப்பு தளர்ந்தால் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவதே மலிவு என்றாகிவிடும்.

பையரின் பங்கு சான்றிதழோடு முடிவதில்லை. ஷேடு (சாய நிறம்) நூலளவு விலகியதற்குப் பையர் லாட்டைத் திருப்பினால், அதை உரித்து மறுபடி சாயம் போட வேண்டும். தண்ணீரும் உப்பும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 1:6 மெஷின் மிச்சப்படுத்திய 32,000 லிட்டர் ஒரே ரிஜெக்ஷனில் போய்விடும். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே லேப் டிப்பில் (லேபில் போடும் மாதிரிச் சாயத்தில்) ஷேடு விலகல் எவ்வளவு வரை ஏற்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கறுப்பு, நேவி போன்ற அடர் ஷேடுகளுக்கு உப்பு லிட்டருக்கு 80 கிராமைத் தொடும். அங்கே இதை விட்டுவிடவே கூடாது.