தண்டர்பேர்டில் பல்கலைக்கழக மெயில்: வாசலில்தான் வம்பு

பல்கலைக்கழக மெயிலை பிரவுசரில் திறக்காமல் கணினியிலேயே வைத்துப் படிக்க நினைப்பவர்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் மெயில் மென்பொருள்களில் தண்டர்பேர்ட்தான் முதல் தேர்வு. 2004இல் 1.0 வந்தது, 2023இல் 115ஆம் பதிப்பில் முகமே மாறியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பழகிவிட்டால் பெரிய குறை இல்லை. உள்ளே நுழைவதற்குள்தான் பலர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் மெயில் தங்குவது பெரும்பாலும் கூகுளிடம் அல்லது மைக்ரோசாஃப்டிடம். பிரவுசரில் லாகின் பக்கத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். சென்னை ஐஐடி மாணவர்களின் எஸ்மெயில், எடுத்துக்காட்டாக, கூகுளில் இருக்கிறது. வெறும் பாஸ்வேர்டை ஏற்பதை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. நிறுவனக் கணக்குகளுக்கு கூகுள் 2025 மே மாதத்தில் நிறுத்தியது. அதனால்தான் பாஸ்வேர்டைச் சரியாக அடித்தும் 'தவறு' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பழைய வழிகாட்டித் தாளை நம்ப வேண்டாம்.

பெயரையும் முகவரியையும் கொடுத்தால் தண்டர்பேர்ட் மற்றதைத் தானே கண்டுபிடிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் கையால் நிரப்பலாம். கூகுள் என்றால் உள்வரும் சர்வர் ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் 993, எஸ்எஸ்எல்; வெளிச்செல்வது எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465, எஸ்எஸ்எல். மைக்ரோசாஃப்ட் என்றால் அவுட்லுக்.ஆஃபீஸ்365.காம், 993, எஸ்எஸ்எல், அனுப்ப எஸ்எம்டிபி.ஆஃபீஸ்365.காம், 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். நான்கிலும் அங்கீகார முறை ஓஆத்2 (கூகுள் அல்லது மைக்ரோசாஃப்டின் லாகின் சாளரம் வழியே அனுமதி பெறும் முறை) என்று இருக்க வேண்டும். 'நார்மல் பாஸ்வேர்ட்' என்று இருந்தால் வேலைக்கு ஆகாது.

மெயில் வருகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். உள்வரும் சர்வரில் முறையை மாற்றியவர், வெளிச்செல்லும் சர்வரை மறந்திருப்பார். அது கணக்கின் கீழே இருக்காது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் இடப்பக்கப் பட்டியலின் கடைசியில் தனியாகக் கிடக்கும். தண்டர்பேர்டின் அசட்டுத்தனமான அமைப்புகளில் இதற்கே முதலிடம். அதையும் சரிசெய்த பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்கில் 535 5.7.139 என்ற பிழை வந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம் இல்லை. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி வழியை நிர்வாகியே பூட்டி வைத்திருக்கக்கூடும்.

இன்னொரு பொறி பயனர் பெயர். ஊருக்குத் தெரிந்த முகவரி பெயரில் இருக்கும்; லாகின் ஐடியோ ரோல் நம்பரில் இருக்கும். தண்டர்பேர்ட் முகவரியையே பயனர் பெயராக எடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இது கண்டிப்பாக உதைக்கும். உள்வருவது, வெளிச்செல்வது இரண்டிலும் லாகின் ஐடியைப் போடுங்கள். அனுப்புநர் முகவரி பழையபடியே இருக்கலாம்.

லாகின் சாளரம் வெள்ளையாக நின்றுவிட்டால் செட்டிங்ஸில் குக்கீகளை அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். 'நிர்வாகி ஒப்புதல் தேவை' என்று வந்தால் கணினி மையத்துக்கு எழுதுவதைத் தவிர வழியில்லை. வளாக வைஃபையில் மட்டும் இணைப்பு கிடைக்காமல், போன் ஹாட்ஸ்பாட்டில் கிடைத்தால், 993ஐ ஃபயர்வால் மறிக்கிறது.

கூகுள் கணக்கில் முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஜிமெயிலில் லேபிளாக இருப்பதெல்லாம் இங்கே ஃபோல்டராகத் தெரியும். இன்பாக்ஸில் உள்ள ஒவ்வொரு மெயிலும் 'ஆல் மெயில்' ஃபோல்டரிலும் இருப்பதால் இரண்டு முறை இறங்கும். 10 ஜிபி பெட்டி டிஸ்கில் 20 ஜிபி வரை தின்னும். அது மட்டுமா? ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலை இங்கே காட்டும் முறை) வழியே ஒரு நாளில் 2500 எம்பிதான் இறக்கலாம் என்பது கூகுளின் வரம்பு. மீறினால் கணக்கு சிறிது நேரம் முடங்கும். சிங்க்ரனைசேஷன் பகுதியில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி 'ஆல் மெயில்' டிக்கை எடுத்துவிடுங்கள். அனுப்பிய மெயில் இரண்டிரண்டாகத் தெரிந்தால் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் நகல் வைக்கும் டிக்கையும் எடுங்கள். ஜிமெயில் தானே ஒன்றைச் சேமித்துக்கொள்ளும்.

மெயில்களைத் தானாகப் பிரித்து வைக்கும் வடிகட்டிகள் அருமை. ஆனால் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். போனிலும் மெயில் பார்ப்பவர்கள் முக்கியமான வடிகட்டிகளை ஜிமெயிலிலேயே அமைப்பது நல்லது. தமிழ் மெயில்களின் எழுத்து கண்ணுக்கு உறுத்தினால் ஃபான்ட் அமைப்பில் தமிழுக்கென்று தனித் தேர்வு இருக்கிறது. கூகுள் நாட்காட்டி எளிதாக இணைகிறது. மைக்ரோசாஃப்ட் பக்கம் இன்னும் நொண்டுகிறது: 2025 நவம்பரில் வந்த 145ஆம் பதிப்பு மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சோடு நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்டாலும் அது மெயிலுக்கு மட்டும்தான். நாட்காட்டியே பிரதானம் என்பவர்கள் அவுட்லுக்கோடு இருப்பதே மேல்.

படிப்பு முடிந்து கணக்கு மூடப்படும் நேரத்தில்தான் இந்த மென்பொருளின் அருமை தெரியும். அப்போதும் ஒரு தப்புக்கணக்கு உண்டு: ஐமேப் என்பது கண்ணாடி. சர்வரில் அழிந்தது இங்கேயும் அழியும். ஆகவே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர் திறந்து, மெயில்களை நகலெடுங்கள். நகர்த்த வேண்டாம், பாதியில் இணைப்பு அறுந்தால் எது எங்கே என்று தேட வேண்டிவரும். எல்லா மெயிலையும் ஒரே ஃபோல்டரில் கொட்டாதீர்கள். வழக்கமான எம்பாக்ஸ் முறையில் ஒரு ஃபோல்டர் என்பது டிஸ்கில் ஒரே கோப்பு. ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால் ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பை முழுசாகத் தூக்கிப் பூட்டிவிடலாம். நகலெடுத்த பின் இரு பக்கமும் மெயில் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, நகலெடுத்த ஃபோல்டர்களில் பெரிய கோப்பு இணைத்த பழைய மெயில் இரண்டைத் திறந்து பாருங்கள். அந்தக் கோப்பு திறந்தால் மெயில் உங்கள் டிஸ்கில் இருக்கிறது.